முப்பத்தொரு வாழ்த்துச் செய்திகளும் முப்பத்தாறு தகரமும்

1

ஒரு நூலகத்தின் கூரைக்குக் கீழே நிற்கும் சமூகம், அழிவின் மழையில் ஒருபோதும் நனைவதில்லை.

இந்த வசனத்தை மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். கல்லில் வெட்டி வைக்கலாம். ஒரேயொரு சிக்கல்தான்: இந்தக் கதையில் வரும் நூலகத்துக்குக் கூரை இல்லை.

ஆகவே உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வரவில்லை. எந்த வலியும் என்னை உலுக்கி எழுப்பவில்லை. மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் அச்சகம் வைத்திருக்கும் எல்மோ, ஒரு விழா மலரில் மிஞ்சிய அறுபது பிரதிகளை மேசைக்குக் கீழே அடுக்கி, அவற்றின் மேல் கால் நீட்டிக்கொண்டு இருந்தார். மழைக்கு ஒதுங்கிய நான் ஒன்றை இழுத்துப் புரட்டினேன்.

"அதுக்குள்ள ஒரு கதை இரிக்கி சேர்," என்றார் எல்மோ. "எழுதுங்க. புத்தகமாப் போட்டா நான்தான் அடிப்பன்."

"கதை நல்லா வருமா?"

"வந்தாலும் வராட்டியும் அடிப்பன். கால் வைக்க இன்னும் கொஞ்சம் உசரம் தேவை."

2

தொடக்கம் ஒன்று: "2004 மார்கழி இருபத்தாறாம் திகதி, வாகரைக் கடல் அன்று காலை வழக்கத்துக்கு மாறாக—"

வேண்டாம். அந்தக் காலையைப் பற்றி எழுதியே ஊரில் நான்கு பேர் பொன்னாடை வாங்கிவிட்டார்கள். அவர்களில் மூவர் அன்று கொழும்பில் இருந்தவர்கள்.

தொடக்கம் இரண்டு: "யுத்தம் ஓய்ந்த அந்த வருடத்தில் மட்டக்களப்பு வாவியின் மீன்கள் மீண்டும்—"

இதுவும் வேண்டாம். வாவியில் மீன் பாடும் என்பது எங்கள் விழாக்களில் முதற் பேச்சாளருக்கென்று ஒதுக்கப்பட்ட வசனம். இந்தக் கதையில் மீன் பாடாது. ஏலம் போகும்.

தொடக்கம் மூன்று: "கேதீஸ்வரி அந்த ஆவணி மாதம் முழுவதும் முப்பத்தொரு பேராக இருந்தாள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

(எழுதிய பகுதிகளை வாகரை பஸ்ஸில் கேதீஸ்வரிக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் ஓரங்களில் எழுதித் திருப்பி அனுப்பினார். அவற்றைச் சதுர அடைப்புக்குள் தருகிறேன். முதலாவது இது:)

[இருந்தாளா? நான் உங்களுக்கு என்ன மருமகளா சேர்? 'இருந்தார்' எண்டு போடுங்க.]

கேதீஸ்வரி அந்த ஆவணி மாதம் முழுவதும் முப்பத்தொரு பேராக இருந்தார்.

3

கேதீஸ்வரி, வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றின் பொது நூலகத்துக்குப் பொறுப்பானவர். நியமனக் கடிதம் இல்லை, சாவி இருக்கிறது. கடல் முதலில் அந்த நூலகத்தைக் கொண்டுபோனது. பிறகு ஒரு நிறுவனம் வந்து நாலு சுவரும் தகரக் கூரையும் போட்டு, வாசலில் தன் பெயரைப் பெரிதாகவும் நூலகத்தின் பெயரைச் சிறிதாகவும் எழுதிவிட்டுப் போனது. இரண்டாயிரத்து ஆறின் கடைசியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சுவர் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, கூரை இல்லை. யார் கழற்றினார்கள் என்று கேட்கும் பழக்கம் அந்த வருடத்தில் எங்களிடம் இருக்கவில்லை.

அதன்பின் இரண்டு மாரிக்காலம். முதல் மாரியில், கூரைக்குப் பதிலாகக் கட்டிய தறப்பாள் கிழிந்து நானூறு புத்தகம் கூழாகிப் போனது. இரண்டாம் மாரியில் மிச்சத்தைக் கட்டிலில் அடுக்கி மூடிவிட்டு, கேதீஸ்வரி கீழே பாய் போட்டுப் படுத்தார். மூன்றாம் மாரிக்கு முன் முப்பத்தாறு தகரம் வேண்டும். இந்தக் கதையில் வேறெதுவும் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. வாசகர் இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

[கட்டில் எங்கட அக்காட. அக்கா எங்க படுத்தா எண்டும் எழுதுங்க. அவவும் கீழதான்.]

4

முப்பத்தாறு தகரம் வேண்டுமென்றால் முப்பத்தாறு தகரம் கேட்கலாம். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. முதலில் ஒரு குழு அமைக்க வேண்டும். குழு ஓர் இலக்கிய விழா எடுக்க வேண்டும். விழா ஒரு மலர் வெளியிட வேண்டும். மலருக்குப் பெரியவர்கள் வாழ்த்துச் செய்தி தர வேண்டும். தந்தவர்களை மேடைக்கு அழைத்துப் பிரதி கொடுத்தால், அவர்கள் ஓர் உறையை நீட்டுவார்கள். அந்த உறைகளிலிருந்து கூரை வரும். வாகரை நூலகத்துக்கான விழா புளியந்தீவில், மின்விசிறி உள்ள மண்டபத்தில் நடக்கும் என்று குழு முதற் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனது என்பது ஒன்பது பேர். கேதீஸ்வரி பத்தாவது.

வாழ்த்துச் செய்தி கேட்டு அவர் முதலில் போனது குழுவின் தலைவர் வீட்டுக்கு. ஓய்வுபெற்ற அதிபர், 'முத்தமிழ் முகில்' பட்டம் பெற்ற இளையதம்பி. வாசல் கேற்றடியிலேயே பதில் கிடைத்தது.

"நீங்களே ஒண்டு எழுதிக் கொண்டாங்க புள்ள. நான் கையெழுத்துப் போட்டுத் தாறன். மற்ற ஆக்கள்ற மாதிரி இல்லாம, கொஞ்சம் வித்தியாசமா இரிக்கட்டும்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒரு வாரத்தில் கேதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது: முப்பத்தொரு பெரியவர்களுக்கும் வாழ்த்த விருப்பம், எழுத நேரமில்லை. ஆகவே அவர் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, ஓய்வுபெற்றவர்களாகவும் ஓய்வுபெறாதவர்களாகவும், குருக்களாகவும் மௌலவியாகவும், வைத்தியராகவும் கூட்டுறவுச் சங்கத் தலைவராகவும் மாறி மாறி எழுதினார். வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில், மடியில் கொப்பியை வைத்து, வீதி உடைந்த இடங்களில் பேனையைத் தூக்கிக்கொண்டு.

ஒருவர் மட்டும் தானே எழுதிக் கொடுத்தார், தேவாலயத்துப் பாதர். "கூரை தேவை. உதவுங்கள். கடவுள் பார்க்கிறார்." இதில் இலக்கியச் சுவை குறைவு என்று குழு கருதியது. நீட்டித் தரும்படி அதுவும் கேதீஸ்வரியிடமே வந்தது.

மலரில் அறுபத்துநாலு பக்கம். வாழ்த்துகள் முப்பத்தொன்று, ஒவ்வொன்றும் படத்துடன். மூன்று கவிதை, இரண்டு கட்டுரை, எட்டு விளம்பரம். மிச்சத்தில் குழுவின் படங்கள். பக்கங்களை அடுக்கிப் பார்த்த எல்மோ கேட்டார்:

"உங்கட பக்கம் எங்க மிஸ்?"

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லியே அங்கிள்."

"நீங்கதானே எல்லாரிட்டயும் கேட்டீங்க."

"ஓம். அதுல என்னட்டக் கேக்க விட்டுப்போச்சி."

எல்மோ பின்னட்டையின் உட்பக்கத்தை வெறுமையாக விட்டார். விளம்பரம் கிடைக்கவில்லை என்று குழுவுக்குச் சொன்னார்.

5

இந்த இடத்தில் எனக்கு இளையதம்பி மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவரை நான் கோமாளியாக்குகிறேனோ?

எழுதுவதை நிறுத்தி யன்னலால் பார்த்தேன். வெளியே மழை. என் கோழிகள் நனையாமல் நின்று என்னைப் பார்த்தன. எல்மோவிடம் போய்க் கேட்டேன்.

"கோமாளி இல்ல சேர். வாகரைச் சனம் ஓடி வந்த நேரம் அந்த மனுசன் பள்ளிக்கூடத் திறப்ப எடுத்து, கேக்க வேண்டிய ஆளக் கேக்காம மண்டபத்தத் திறந்து விட்டவர். பதினொரு குடும்பம். கஞ்சி காய்ச்சினதும் அவர்தான், சாறத்த மடிச்சுக் கட்டிற்று."

இதை அவரைப் பற்றிய எந்த அறிமுக உரையிலும் நான் கேட்டதில்லை. அறிமுக உரை நாற்பத்திரண்டு வரி. பட்டங்கள் பதினேழு. கஞ்சிக்குப் பட்டம் இல்லாததால் அது விடுபட்டிருக்க வேண்டும்.

[அவர் கஞ்சி ஊத்தினவர்தான். நானும் குடிச்சனான். ஆனா இது கூரைக் கதை சேர்.]

6

இனித் தவறு நடந்த விதம். இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு.

கேதீஸ்வரி சொன்னது: முப்பது பேரை எழுதி முடித்தபின் கடைசியாக மிஞ்சியவர் இளையதம்பி. 'வித்தியாசமா' என்று அவர் கேட்டிருந்தார். சொற்கள் தீர்ந்துபோயிருந்தன. வாழைச்சேனையில் பஸ் அரைமணி நேரம் நின்றபோது, தன் சிரிப்புக்காக மட்டும் ஒன்று எழுதினார். அடுத்த தாளில் முறையான ஒன்றையும் எழுதினார். வீட்டுக் கேற்றடியில் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து நீட்டியபோது, கண்ணாடி வீட்டுக்குள் இருந்ததால், முகில் மேலே இருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்மோ சொன்னது: "ரெண்டு தாளும் என்னட்ட வந்தது. ஒண்டுல கையெழுத்து இரிந்தது, மத்ததுல இல்ல. கையெழுத்து உள்ளதத்தான் அடிக்கலாம்."

"வாசிக்கவில்லையா?"

"நான் எழுத்தப் பார்ப்பன், கருத்தப் பார்க்கிறல்ல. கருத்தப் பார்த்தா இந்த ஊர்ல அச்சகம் நடத்த ஏலா."

"அச்சுப்பிழை பார்க்க கேதீஸ்வரியிடம் கொடுத்தீர்கள்தானே?"

"குடுத்தன். முத்தமிழ் முகிலுல ஒரு எழுத்து விட்டிரிந்தது, திருத்தித் தந்தா. அதுக்குக் கீழ இரிந்தத வாசிச்சாவோ என்னவோ, எனக்குத் தெரியா."

ஆகவே இது களைப்பினால் வந்த தவறு. அப்பாவித்தனமான, மனித இயல்பான, மன்னிக்கத்தக்க—

[வாசிச்சன். அதுக்கு மேல கேக்காதீங்க.]

மேலேயுள்ள வசனத்தை அப்படியே முடிக்காமல் விடுகிறேன்.

7

விழா, புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு. வாகரையிலிருந்து வாடகை பஸ்ஸில் காலையிலேயே புறப்பட்டு இரண்டு மணிக்கே வந்துவிட்ட நாற்பது பேரும் பின்வரிசைகளில் இருத்தப்பட்டார்கள். முன்வரிசைகள் பிந்தி வருபவர்களுக்கு. மேடையில் பதினாறு கதிரை. பதினான்காவதில் நான் இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கேதீஸ்வரி மேடை ஓரத்தில் பொன்னாடைத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இளையதம்பிக்கு ஒரு வழக்கம். மலரில் வந்த தன் வாழ்த்தையே தலைமையுரையாக வாசிப்பார். அச்சில் ஏறிய தன் சொற்களைத் தானே கேட்பதில் அவருக்கு ஒரு நிறைவு. பதினொரு நிமிட அறிமுகம் முடிந்ததும் எழுந்தார், கண்ணாடியைப் போட்டார், மலரை விரித்தார், கோவில் மணி போன்ற அந்தக் குரலில் தொடங்கினார்:

"இந்த நூலகத்துக்கு நான் ஒருநாளும் வந்ததில்லை. அது வாகரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. கடல் வந்த பிறகும் நான் வரவில்லை. சனம் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. கூரை ஒழுகுவதாகச் சொல்கிறார்கள்—"

நாற்பது வருடம் மேடையில் பேசியவருக்கு வாய் ஒரு பக்கம் போகும், காது இன்னொரு பக்கம் இருக்கும். குரல் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்த அவராலும் முடியவில்லை.

"—நான் நனைந்ததில்லை. ஆகவே விழா சிறக்க வாழ்த்துகிறேன்."

அப்போதுதான் காது வந்து சேர்ந்தது.

முகில் இப்போது கீழே இறங்கிப் போனால் மேடை கலையும். மேடை கலைந்தால் உறைகள் சட்டைப்பைகளுக்குள்ளேயே திரும்பிப் போகும். முப்பத்தாறு தகரமும் அந்த மனிதரின் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி, மேடை ஓரத்தைப் பார்த்தார். கேதீஸ்வரி பார்வையை விலக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், யாருக்கோ பக்கத்தில் சொல்வது போல, ஆனால் மண்டபம் முழுவதுக்கும் கேட்டது:

"உண்மையத்தான் சொல்றாரு மனுசன்."

அது கண்ணகை. வாகரைக் கரையில் வள்ளம் ஒதுங்கியதும் மீனை மணலில் கொட்டி ஏலம் கூறுபவர். நூலகத்தில் துப்பறியும் கதை மட்டும் எடுப்பவர். பின்வரிசைகள் கைதட்டின. முன்வரிசைகள், இது ஏதோ புதுவகைத் தன்னடக்கம் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தட்டின.

இளையதம்பி மலரை மூடினார். பிறகு, நான் அறிந்த காலத்தில் முதல் தடவையாக, தாள் இல்லாமல், வீட்டில் பேசும் குரலில் பேசினார்.

"பன்னிரண்டு தகரம் நான் தாறன்."

"முகில் ஐயா பன்னிரண்டு," என்றார் கண்ணகை எழுந்து நின்று. "அங்கால?"

கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். தானும் அந்த நூலகத்தைக் கண்டதில்லை என்றார். எட்டுத் தகரம் என்றார்.

"பன்னிரண்டுக்குப் பிறகு எட்டு வராதுங்க. எங்கட கரையில அப்பிடி வழக்கமில்ல."

"அப்ப... பதிமூண்டு."

"பதிமூண்டு. தலைவர் நனையல்ல, பதிமூண்டு. டொக்டர் ஐயா என்ன, கையக் கட்டிற்று இரிக்கிறீங்க?"

வைத்தியர் தான் வாகரைப் பக்கமே போனதில்லை என்று, கொஞ்சம் பெருமையாகவே, அறிவித்தார். பதினைந்து. அதன்பின் யார் அதிகமாக வரவில்லை என்பதில் போட்டியாகிவிட்டது. ஒருவர் நூலகம் என்ற சொல்லையே இருபது வருடமாக மேடையில் மட்டும்தான் பாவித்ததாகச் சொல்லி ஒன்பது தகரம் கொடுத்தார். "இனி ஏறத் தேவல்ல, கூடினாப் போதும்," என்று கண்ணகை இரங்கினார். கேதீஸ்வரி தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கைக்கு வந்த மலரில், பின்னட்டையின் அந்த வெறும் பக்கத்தில், பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நானும் கை உயர்த்தினேன்.

"சேர் ரெண்டு," என்றார் கண்ணகை. "சரி. அதுவும் தகரம்தானே."

மொத்தம் எழுபத்தொன்று. கூரைக்குத் தேவையானதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உறைகளில் வந்தது மண்டப வாடகைக்கும் மலருக்கும் பொன்னாடைகளுக்கும் சரியாகப் போனது.

எல்லாரும் எழும்பும்போது கண்ணகை இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். எங்கட கரையில விலை சொன்ன ஆள் மீனத் தூக்கணும். தூக்காட்டி, மறுகா அவருக்கு எந்த வள்ளத்திலயும் மீன் இல்ல."

மண்டபமே சிரித்தது. மேடையில்தான் சிரிப்பு அதிகம்.

8

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. ஐப்பசியில் ஒரு லொறி வாகரைக்குப் போகிறது. முன்சீற்றில் இளையதம்பி. வழியில் மழை பிடிக்கிறது, லொறி சேற்றில் புதைகிறது, முகில் இறங்கித் தள்ளுகிறார், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. நூலக வாசலில் நனைந்தபடி நிற்கிறார். (அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் நம்ப முடியவில்லை.)

ஆ. ஒரு தகரமும் வரவில்லை. முதல் மழை விழுந்த காலையில் கேதீஸ்வரி எல்லாப் புத்தகங்களையும் இரவலாகக் கொடுத்துவிடுகிறார், கூரை உள்ள வீடுகளுக்கு மட்டும், வீட்டுக்கு இருபது. துப்பறியும் கதைகள் அனைத்தும் கண்ணகைக்கு. உள்ளே ஒரு புத்தகமும் இல்லாத நூலகத்தில் மழை நேராக நிலத்தில் பெய்கிறது. (இது பரிசு பெறக்கூடிய முடிவு. ஆகவே இதையும் சந்தேகிக்கிறேன்.)

இ. பாதிப் பேர் தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை. வந்த தகரங்கள் ஐந்து வேறு நீளத்தில்—

எது நடந்தது என்று தெரிந்தவர் ஒருவர்தான். மார்கழியில், மேலே உள்ள எல்லாவற்றையும் கேதீஸ்வரிக்கு அனுப்பி, சரியான முடிவுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடும்படி கேட்டேன். தாள்கள் நான்காம் நாள் திரும்பி வந்தன. ஓரங்கள் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. எல்மோ வாங்கி மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தார்.

"பஸ்ஸில மீன்பெட்டிக்குப் பக்கத்துல வெச்சிரிப்பாங்க," என்றார். பிறகு இன்னொருமுறை மணந்தார். "மழையும் மணக்குது சேர். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

மூன்று முடிவுகளுக்குப் பக்கத்திலும் சரி அடையாளம் இல்லை. கடைசித் தாளின் கீழே இவ்வளவும் இருந்தது:

[முடிவு வேணுமெண்டா வந்து பாருங்க சேர். பஸ் இரிக்கி. மறுகா, முதலாம் வசனம் நான் உங்களுக்கு எழுதித் தந்த வாழ்த்துச் செய்தியில உள்ளது. மலர்ல இருபத்தேழாம் பக்கம், உங்கட படத்துக்குக் கீழ. பறவாயில்ல, வெச்சிக்கொள்ளுங்க. வரக்குள்ள உங்கட ரெண்டையும் கொண்டு வாங்க.]

இருபத்தேழாம் பக்கத்தைப் பார்த்தேன். ஓம், அங்கேதான் இருக்கிறது. படம் நன்றாக வந்திருக்கிறது. மேடையில் பதினான்காவது கதிரை கிடைத்ததும் அதனால்தான்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் வாகரை பஸ் காலையில் நிற்கும். போங்கள், இறங்குங்கள், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே என்ன தெரிகிறதோ அதுதான் முடிவு. எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மழை விட்டதும் நானும் போவதாகத்தான் இருக்கிறேன்.

இரண்டு தகரத்தையும் நான் ஐப்பசியிலேயே வாங்கிவிட்டேன். அவை என் கோழிக்கூட்டின் மேல் இருக்கின்றன.